எண்ணப்படாத பகுதியில் பெரியப்பா

என் வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு உருப்படியான வேலை கிடைக்காமல் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இணைய இணைப்பையும் கொடுத்து, எதிரே காது கொடுத்துக் கேட்க ஒரு ஆளையும் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று வீட்டில் யாராவது முன்னதாக யோசித்திருக்க வேண்டும். யாரும் யோசிக்கவில்லை. ஓய்வுபெற்ற பிரெஞ்சுச் சிப்பாய்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரிந்ததற்கும், என் பெரியப்பா தன் பேரையே ரத்து செய்துகொள்ளக் கிளம்பியதற்கும் நான்தான் காரணம் என்று பெரியம்மா இன்றுவரை சொல்கிறார். உண்மையில் காரணம் ஒரு எண். ஆனால் எண்ணைத் திட்டி என்ன பயன், நான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தேன்.

டெலிபோன் லைனில் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு இணையம் வந்த காலம் போய், பிராட்பேண்ட் வந்த புதிது அது. புதுச்சேரியில் பெரியப்பா வீட்டு முன்னறையில் நான்கு கம்ப்யூட்டர்களைப் போட்டு நான் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் அத்ஜுதானாக இருந்து ஓய்வு பெற்றவர். அத்ஜுதான் என்றால் சார்ஜெண்டுக்கு மேலே. அதற்கு மேல் கேட்டால் அவரே ஒரு மணி நேரம் விளக்குவார். இப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் பிரெஞ்சுக் குடிமகன், அவருடைய கூடப்பிறந்த தம்பியான என் அப்பா இந்தியக் குடிமகன். இதில் எங்கள் ஊரில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிரான்சில் இருக்கும் மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் வெப்கேமில் பேச வருவார். மற்ற நாட்களில் காலையில் சும்மா வந்து உட்காருவார். வாடிக்கையாளர் இல்லாத அப்படியொரு காலையில்தான் நான் ஆரம்பித்தேன். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் பை என்ற எண் இருக்கிறதே, மூன்று புள்ளி ஒன்று நான்கு என்று தொடங்குவது, அது முடியவே முடியாது, ஒழுங்காகத் திரும்பி வரவும் வராது என்றேன். அந்த எண்ணில் எந்த எண்வரிசையைக் கேட்டாலும் எங்காவது ஓரிடத்தில் இருந்தே தீரும் என்று சொல்கிறார்கள் என்றேன். உங்கள் போன் நம்பர், உங்கள் பிறந்த தேதி, எல்லாம். ஒரு புத்தகத்தை எண்களாக மாற்றினால் அந்தப் புத்தகமும் இருக்கும். கம்ப்யூட்டருக்குள் ஓடுவதெல்லாம் எண்கள்தானே, இந்த உலகமே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு என்று வைத்துக்கொண்டால் அதுவும் மொத்தமாக அந்த எண்ணுக்குள் எழுதியிருக்கும், நாம் இப்போது அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறோமோ என்னவோ என்றேன். இதெல்லாம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அதை மட்டும் அவர் காதில் வாங்கவில்லை. அதன்பின் அந்த மாதம் முழுக்க நான் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஒருவரும் வாங்கவில்லை.

 பெரியப்பா, அங்கே உத்தரவு போடுவது யார் என்று கேட்டார். யாரும் இல்லை, எண் தானாக இருக்கிறது என்றேன். உத்தரவு போட ஆளில்லாமல் இவ்வளவு பெரிய காரியம் நடக்காது என்றார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. நான்கு கம்ப்யூட்டர்களும் கண்ணை மூடின. பெரியப்பா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மிஷின் நின்னு போச்சு, நாம நிக்கலியே?"

இந்த உலகத்துக்கு வெளியே இன்வெர்ட்டர் வைத்திருப்பார்கள் என்று நான் விளையாட்டுக்குச் சொன்னேன். அவர் அதை ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து கரண்ட் போகும்போதெல்லாம் மேலே நிமிர்ந்து, அவங்க இன்வெர்ட்டர் நல்லா வேலை செய்யுது என்று மெச்சிக்கொள்வார்.

அவரோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. குருசுக்குப்பம் போகும் வழியில் ஒரு மண் திடலில் சொல்தாக்கள் தினமும் மாலையில் பெத்தாங்க் என்ற பிரெஞ்சுக் குண்டாட்டம் ஆடுவார்கள். சின்ன மரக்குண்டு ஒன்றை எறிந்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் யாருடைய இரும்புக் குண்டு போய் நிற்கிறது என்று பார்க்கும் ஆட்டம். பார்ப்பதற்குக் குனிந்து நிமிர்வதுபோல் இருக்கும், ஆனால் சண்டை சண்டையாக ஆடுவார்கள். பெரியப்பா சங்கதியை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என் கடை வாசலில் ஏழு சொல்தாக்கள் வரிசையில் நின்றார்கள். பட்டாளத்து வரிசை, ஒரு முழம் இடைவெளி.

பையின் இலக்கங்களில் தேடித் தரும் பக்கம் ஒன்று இணையத்தில் இருந்தது. கோடிக்கணக்கான இலக்கங்களை அதில் சேர்த்து வைத்திருந்தார்கள். பிறந்த நாள், மாதம், வருடம் என்று எட்டு இலக்கமாகக் கொடுத்தால், இத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்லும். ஒவ்வொருவராக உட்கார்ந்து தேதியைச் சொன்னார்கள், நான் அடித்தேன், பெரியப்பா ஒரு நோட்டில் இடத்தைக் குறித்துக்கொண்டார். நடுவில் வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாளும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தான் மாசிமகத்துக்கு மறுநாள் பிறந்ததாகவும், வருடம் தெரியாது என்றும், அதைத் தேடும்படியும் சொன்னார். அந்த எண்ணுக்கு மாசிமகம் தெரியாது என்றேன். அது என்ன பெரிய எண் என்று கேட்டுவிட்டு அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்கு என் கடைக்கு வந்தவர்களில் புத்தியுள்ளவர் அவர் ஒருவர்தான்.

இங்கேதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. வேறு யாராக இருந்தாலும் என் தேதி இருக்கிறது, உன் தேதி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுப் போயிருப்பார்கள். சொல்தாக்கள் அப்படி இல்லை. ராணுவத்தில் ஆளுக்கு ஒரு சேர்ப்பு எண் உண்டு. சின்ன எண் என்றால் முன்னால் சேர்ந்தவன், முன்னால் சேர்ந்தவன் என்றால் பெரியவன். அதே கணக்கை இங்கேயும் போட்டார்கள். பையில் முதலில் வருபவன் மூத்தவன், பின்னால் வருபவன் இளையவன். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இது வெறும் தற்செயல், இதில் மூப்பும் இல்லை இளமையும் இல்லை என்று கரடியாகக் கத்தினேன். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நோட்டைப் பார்க்கப் போனார்கள்.

விஷயம் என்னவென்றால், ராணுவ அடுப்படியிலேயே காலத்தை ஓட்டிய ஒரு கப்ரால், அதாவது அந்தக் கூட்டத்திலேயே கடைசிப் படியில் இருந்தவர், எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டார். நாற்பது லட்சத்துச் சொச்சத்திலேயே அவர் தேதி இருந்தது. ஒரு சார்ஜெண்டின் தேதி பல கோடி தள்ளிக் கிடந்தது. அன்று மாலை கப்ரால் முதல் குண்டைத் தான்தான் எறிவேன் என்று நின்றார். வெங்காயம் உரித்தவனுக்குப் பின்னால் நான் நிற்பதா என்று சார்ஜெண்ட் தன் குண்டுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். திடல் இரண்டாகப் பிரிந்தது. இந்த நிலையில் எல்லாருக்கும் ஒரு சந்தேகம் வந்தது: நோட்டு வைத்திருக்கும் அத்ஜுதான் எத்தனையாவது இடம்? பெரியப்பா இதுவரை தன் தேதியைச் சொல்லவே இல்லை.

எனக்கு அவர் தேதி மனப்பாடம். வருடத்துக்கு ஒருமுறை, தான் உயிரோடு இருப்பதாகப் பிரெஞ்சு அலுவலகத்தில் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்; பென்ஷன் வாங்கும் எல்லாச் சொல்தாக்களுக்கும் இது உண்டு. அந்தப் படிவத்தை நான்தான் நிரப்பித் தருவேன். அதனால் அத்தனை பேர் முன்னிலையில், அவரைக் கேட்காமலேயே, தேதியை அடித்துத் தேடினேன். கப்ராலுக்கும் முன்னால் வந்தது, சில லட்சத்திலேயே. எல்லாரும் கை தட்டினார்கள். சார்ஜெண்டுக்குப் பரம திருப்தி, ஏனென்றால் அடுப்படிக்காரர் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டார். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. நோட்டை மூடி என் மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் நான் கடையைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றிருந்தார். ஒரு துண்டுத் தாளில் வேறொரு தேதி. மூன்று வருடம் தள்ளி, வேறு மாதம். தேடினேன். அந்தப் பக்கத்தில் இருந்த இலக்கங்களில் அது இல்லை என்று வந்தது. இன்னொரு தடவை என்றார். இல்லை. ஒவ்வொரு இலக்கமாகத் தாளோடு ஒத்துப் பார்த்து அடிக்கச் சொன்னார். இல்லை. யாருடைய தேதி என்று கேட்டேன்.

"என்னுது."

அப்புறம் சொன்னார். அவருக்கு முன்னால் ஒரு அண்ணன் பிறந்திருக்கிறான். பிறப்பு புதுச்சேரியில், பிரெஞ்சுப் பதிவேட்டில் முறையாக ஏறியிருக்கிறது. இரண்டு வயதில் அம்மாவின் ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனான். அந்த ஊர் அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் ராஜ்யம். அங்கே நடந்த சாவு இங்கே பதிவாகவில்லை. அடுத்த வருடம் அதே ஊரில் பெரியப்பா பிறந்தார். அதே பெயரை வைத்தார்கள். அந்தப் பிறப்பும் இங்கே பதிவாகவில்லை. பதினேழு வயதில் பட்டாளத்தில் சேர அத்தாட்சி கேட்டார்கள், பதிவேட்டில் தேடினார்கள், அதே பெயர், அதே அப்பா, வயது மட்டும் இருபது. நகலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். "குடுத்தாங்க, வாங்கிக்கினேன். நான் ஒண்ணும் பொய் சொல்லல, அவங்களும் கேக்கல," என்றார். சின்ன வயதில் அவருக்கு மட்டும் வருடத்துக்கு இரண்டு தடவை பாயசம் கிடைக்குமாம். அதில் ஒரு தடவை மட்டும் அம்மா வாயில் வைக்க மாட்டாராம். ஏன் என்று பட்டாளத்துக்குப் போகிற அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

 நான் எனக்குத் தெரிந்த கணக்கைச் சொன்னேன். உங்கள் தேதி இல்லாமல் போகவில்லை பெரிப்பா, இந்தப் பக்கத்தில் எண்ணி வைத்தது கொஞ்சம்தான், அதற்கு அப்புறம் எண் போய்க்கொண்டே இருக்கிறது, அங்கே எங்காவது இருக்கும் என்றேன்.

"அப்ப நான் இன்னும் எண்ணாத பக்கத்துல இருக்கேன்."

ஆமாம் என்றேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காகிதத்தில் தான் இல்லை என்பது அவருக்கு ஐம்பது வருடமாகத் தெரியும், அதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, காகிதம் மனிதன் எழுதுவது. ஆனால் யாரும் எழுதாத எண்ணிலும் அண்ணன் முன்வரிசையில் இருக்கிறான், தான் இல்லை. அது அவரை ஆட்டிவிட்டது. நான் சொன்ன நிரூபிக்கப்படாத விஷயத்தை என்னைவிட அதிகமாக நம்பியது அவர்தான்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டில், வவ்வால் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே அறிவித்தார். அடுத்த வாரம் கையெழுத்துப் போடும் நாள் வருகிறது, இந்தத் தடவை அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன், வருடா வருடம் செத்துப்போனவன் உயிரோடு இருக்கிறான் என்று கையெழுத்துப் போட்டது போதும் என்றார். பெரியம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஆதியிலிருந்து சொன்னார். பெரியம்மா கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். அவர் முகம் மாறியது.

"அப்ப நான் உங்களவிட ரெண்டு வயசு பெரியவளா?"

நாற்பத்து மூன்று வருடமாக ஒரு வயது இளையவளாக இருந்தவருக்கு இது தாங்கக்கூடிய அடி இல்லை. பெரியப்பா பென்ஷன் போனாலும் போகட்டும் என்றதைக்கூட அவர் பொறுத்தார், இதைப் பொறுக்கவில்லை. தெருவில் எப்படித் தலைகாட்டுவேன் என்று ஒரு பாட்டம் அழுதார். அழுது முடித்ததும் அவருக்கு மூளை தெளிவாக வேலை செய்தது. பேரைத் தூக்கினால் பென்ஷன் மட்டும் போகாது. பிரான்சில் இருக்கும் மகளும் பிள்ளைகளும் யாருடைய வாரிசு என்ற கேள்வி வரும், அவர்கள் காகிதமெல்லாம் இந்தக் காகிதத்தின்மேல்தான் நிற்கிறது. அதை என்னிடம்தான் சொன்னார், சமையலறையில், என் கையைப் பிடித்துக்கொண்டு. "நீதானே அவரு தலைக்குள்ள போட்ட. நீயே எடுத்துடு." எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. அந்தப் பிள்ளைகளை ஞாயிறுதோறும் திரையில் பார்ப்பவள் நான்.

பொய்யாக ஒரு பக்கம் தயாரித்து, இதோ உங்கள் தேதி கிடைத்துவிட்டது என்று காட்டுவது எனக்கு அரை மணி வேலை. உட்காரவும் செய்தேன். என்னால் முடியவில்லை. மனிதர்களிடம் நான் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன், எண் விஷயத்தில் சொன்னதில்லை. பதிலாக நேர்மையான ஒரு குறுக்குவழி தேடினேன். வருடத்தில் முன்னால் இருக்கும் பத்தொன்பதை விட்டுவிட்டு ஆறு இலக்கமாகத் தேடினால், அந்தக் கோடிகளுக்குள் கிடைக்காமல் போக வழியே இல்லை. கிடைத்தது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடினேன். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மத்தவனுக்கெல்லாம் எட்டு, எனக்கு மட்டும் ஆறா? அத்ஜுதானுக்கு அரை பொறந்த நாளா?"

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதுதான் என் கடைசி அஸ்திரம்.

அந்த நாளில் நான்தான் வண்டியில் அவரை அழைத்துப் போனேன். மெடல்கள் குத்திய கோட்டைப் போட்டிருந்தார். பின்னால் உட்கார்ந்து வரும்போது அவை கிலுகிலுவென்று சத்தம் போட்டன. அலுவலகத்தில் எங்கள் திடல் ஆட்கள் பாதிப் பேர் இருந்தார்கள், நீ இன்னும் இருக்கிறாயா என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டு. கப்ராலும் சார்ஜெண்டும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.  பெரியப்பா சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உள்ளே அந்தத் துண்டுத் தாள் இருந்தது.

முறை வந்தது. நான் பக்கத்தில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண், மரியாதையான பெண், நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தார். படிவத்தில் இருந்த பெயரை நிதானமாகப் படித்தார். பிறகு பிறந்த தேதியை. அந்த இரண்டு வயதுப் பையனுடைய தேதியை. பிறகு, இவர் நீங்கள்தானே என்று பிரெஞ்சில் கேட்டார். வழக்கமான கேள்வி.

பெரியப்பாவின் கை சட்டைப் பைக்குப் போய் அங்கேயே நின்றது.  அந்தப் பெண், காது கேட்கவில்லை என்று நினைத்திருக்க வேண்டும், பெயரை மட்டும் இன்னொரு முறை, உரக்க, கூப்பிடுவதுபோல் சொன்னார். பெரியப்பாவின் குதிகால்கள் இரண்டும் தாமாகச் சேர்ந்தன. முதுகு நிமிர்ந்தது.

"ப்ரேசான்!"

பட்டாளத்தில் ஆஜர் எடுக்கும்போது, உள்ளேன் என்று கொடுக்கும் குரல். அலுவலகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மூலையில் இருந்த கப்ரால் பழக்க தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டார். பெரியப்பா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்தார்.

வெளியே வந்து கடற்கரைச் சாலைக்கு ஓட்டச் சொன்னார். கட்டைச் சுவரில் உட்கார்ந்தோம். நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் மனதை மாற்றிக்கொள்வாரோ என்ற பயம். அவராகவே சொன்னார்.

"அந்தப் பொண்ணு பேரச் சொல்லிக் கூப்புடுது. அவனுக்கு யாரு இருக்கா பதில் சொல்ல? நான் இல்லன்னு சொன்னா அத்தோட அவன் போய்ட்டான். எனக்கு உங்க பெரிம்மா இருக்கா, பொண்ணு இருக்கா, நீ இருக்க. அவனுக்கு அந்த ஒரு வரிதான்."

நான் அழுதேன். அவர் அழவில்லை, சுண்டல் வாங்கிக் கொடுத்தார். வீட்டில் பெரியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். விஷயம் தெரிந்ததும், தான் இரண்டு வயது மூத்தவள் என்ற சமாசாரம் வெளியே போகக் கூடாது என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கினார். இப்போது எழுதிவிட்டேன், என்ன செய்வது, பேர் போடவில்லை.

திடலில் நோட்டு ஒழிந்தது. அத்ஜுதான் உத்தரவு என்று சொல்லிப் பெரியப்பாவே அதைக் கிழித்துப்போட்டார். சார்ஜெண்டும் கப்ராலும் ஒரு வாரத்தில் பேச ஆரம்பித்து மறு வாரமே வேறு காரணத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டார்கள். எனக்கு ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது, பிரவுசிங் சென்டரை மூடினேன். இரண்டு மூன்று வருடம் கழித்து, கல்லூரியில் ஒரு ஓய்வு வகுப்பில், இன்னும் பல மடங்கு இலக்கங்களைத் தேடும் வேறொரு பக்கம் கண்ணில் பட்டது. பெரியப்பாவின் தேதியை அடித்தேன். எட்டு இலக்கமும், முழுசாக.

கிடைத்தது. வெகு தூரத்தில்.

மாலை நேரே திடலுக்குப் போனேன். பெரியப்பா குனிந்து குறி பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணிவிட்டார்கள் பெரிப்பா, இருக்கிறீர்கள் என்றேன். எத்தனையாவது இடம் என்று கேட்டார், குண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். சொன்னேன், சொல்லி முடிக்கவே நேரம் பிடித்தது. அண்ணன் லட்சத்தில், இவர் அத்தனை கோடிக்கு அந்தப் பக்கம். இது வெறும் தற்செயல் என்று வழக்கம்போல் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, சும்மா இருந்தேன்.

"சரியாத்தான் இருக்கு," என்றார். "அவன் அண்ணன். நான் தம்பி."

குண்டை எறிந்தார். அது எங்கோ போய் விழுந்தது, சார்ஜெண்ட் சிரித்தார்.